திரையில் ‘வைரஸ்’ என்று அலறும் போலி எச்சரிக்கை: கம்பம், போடி, குமுளி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைக்கு மேலே கேரளாவில் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமும் ஏலக்காய்க் கடை, ஜெராக்ஸ் கடை, வீடு என்று எங்கே போனாலும் ஒரு கம்ப்யூட்டராவது இருக்கிறது. அதைப் பழுது பார்ப்பது என் தொழில். வாடிக்கையாளர்கள் பதறிப்போய்க் கேட்பதில் பெரும்பகுதி ஒரே விஷயம்தான்: திடீரென்று வந்து நிற்கும் வைரஸ் எச்சரிக்கை. கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

திரை முழுக்க எச்சரிக்கை வந்து, உள்ளேயிருந்து ஒரு குரல் கத்துகிறது. நிஜமாகவே வைரஸ் வந்துவிட்டதா அண்ணே?

அநேகமாக இல்லை. நீங்கள் பார்ப்பது ஒரு வெப்சைட். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவாக இருந்தாலும், அதற்குள் திறக்கும் பக்கம் வேலிக்கு வெளியே நிற்கும் ஆள் மாதிரிதான். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் என்ன ஃபைல் இருக்கிறது என்று அதனால் எட்டிப் பார்க்க முடியாது. ‘ஸ்கேன் நடக்கிறது’ என்று ஓடும் பச்சைப் பட்டை வெறும் அசையும் படம். ‘5 வைரஸ் சிக்கியது’ என்ற வரி யாரோ முன்கூட்டியே அடித்து வைத்தது. அதே பக்கத்தை நேற்று வாங்கிய புது லேப்டாப்பில் திறந்தாலும் அதே 5 வைரஸைத்தான் காட்டும்.

ஒரே ஒரு அடையாளம் நினைவில் இருந்தால் போதும். எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் அது பொய். தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் திரையில் ஆபத்தானது என்று ஒன்று உண்டென்றால் அது அந்த நம்பர்தான். சிவப்பு, சைரன், பெண் குரல், எண்ணிக்கொண்டே குறையும் கடிகாரம் எல்லாம் அந்த நம்பரை நோக்கி உங்களைத் தள்ளுவதற்கான ஏற்பாடு.

மூடவே முடியவில்லை. மவுஸ் கூட நகரவில்லை. என்ன செய்வது?

இங்கேதான் எல்லோரும் பயந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பார்த்த ஒரு சம்பவம். போடி ஏலத்தில் எடுத்த ஏலக்காயை மேலே கேரளாவுக்கு அனுப்ப வண்டி தயாராக நிற்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட வேண்டுமானால், ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சரக்குச் சீட்டான இ-வே பில் இல்லாமல் நகர முடியாது. கடைப் பையன் பில் போட உட்கார்ந்தான், ஜிஎஸ்டி பற்றி ஏதோ தேடினான், முதலில் வந்த விளம்பரத்தைத் தட்டினான். திரை நீலமானது. ‘கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, அணைத்தால் எல்லா டேட்டாவும் அழியும்’ என்று ஆங்கிலத்தில் எழுத்து. வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறார். முதலாளி அந்த நம்பரை டயல் செய்து, கடைசி இரண்டு இலக்கம் மட்டும் பாக்கி இருந்தபோது எனக்கும் ஒரு போன் போட்டார். எஸ்கேப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னேன். இரண்டு மூன்று விநாடியில் திரை சுருங்கி, மேலே வழக்கமான முகவரிப் பட்டையும் மூடும் குறியும் தெரிந்தன. அவ்வளவுதான் பூட்டு.

அந்தப் பக்கம் செய்வது இதுதான்: பிரவுசரை முழுத்திரைக்கு மாற்றுகிறது, மவுஸ் அம்பை மறைக்கிறது, சில சமயம் எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் வேலை செய்யாதபடி கீபோர்டைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் எஸ்கேப்பைத் தட்டாமல், அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் ஆல்ட் உடன் எஃப்4. அப்புறம், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் உங்கள் பிரவுசர் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். ஆப்பிள் மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப். எதுவுமே கைகொடுக்காவிட்டால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். டேட்டா அழியும் என்று அது மிரட்டுவது பொய். சேமிக்காமல் வைத்திருந்த வேலை மட்டும்தான் போகும்.

திரும்பத் திறக்கும்போது பிரவுசர் ‘முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘சரி’ கொடுத்தால் அந்த மோசடிப் பக்கமும் திரும்ப வந்துவிடும். பலர் இரண்டாவது முறை மாட்டுவது இந்த இடத்தில்தான்.

என் ஊர், என் நெட் கம்பெனி, ஐபி நம்பர் எல்லாம் சரியாகக் காட்டியதே. வைரஸ் இல்லாமல் எப்படித் தெரியும்?

நீங்கள் எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் நெட் இணைப்பின் எண், அதற்குத் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்தை உங்களுக்கு அனுப்பவே முடியாது. அந்த ஐபியை வைத்து எந்த கம்பெனி இணைப்பு, ஏறத்தாழ எந்த ஊர் என்று சொல்லும் பட்டியல்கள் பொதுவில் கிடைக்கின்றன. விண்டோஸா ஆண்ட்ராய்டா என்பதையும் பிரவுசரே சொல்லிவிடுகிறது. எல்லையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு வசதி: குமுளியில் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் கொச்சி என்றும், கம்பத்தில் பார்த்தால் சென்னை அல்லது மதுரை என்றும் காட்டும். உள்ளே புகுந்து பார்த்தவனுக்கு ஊர் பெயர் தப்பாகத் தெரியுமா, யோசித்துப் பாருங்கள்.

நான் கண்ட சைட்டுக்கெல்லாம் போகவில்லை. எனக்கு ஏன் வந்தது?

திருட்டுப் படம் பார்க்கும் சைட்களில் இது அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்கான தேடலிலும் வரும். தேடினால் மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று குறிப்போடு வருபவை காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். மோசடிக்காரர்களும் காசு கொடுக்கிறார்கள். வெப்சைட் பெயரை அடிக்கும்போது ஓர் எழுத்து மாறிப்போனாலும் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். பிடிஎஃப் மாற்றித் தரும் இலவச சைட், பிரிண்டர் டிரைவர் தேடல் ஆகிய இரண்டும் என் கடைக்கு வரும் கேஸ்களில் அடிக்கடி தலைகாட்டுபவை. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பிரிண்டர் கம்பெனியின் சொந்த சைட்டில் மட்டும் தேடுங்கள்.

பக்கத்தை மூடியாகிவிட்டது. ஆனால் வலது மூலையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது.

அது நோட்டிஃபிகேஷன். எப்போதோ ஒரு சைட் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்தவும்’ என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு, பிரவுசர் மூடியிருக்கும்போது கூடச் செய்தி அனுப்புகிறார்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற சைட்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். அன்றோடு நின்றுவிடும். இதற்காக விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்ற வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த நம்பருக்கு போன் செய்தால் என்னதான் நடக்கும்?

மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். ஆங்கிலத்தில் தொடங்கி, நீங்கள் திணறினால் இந்திக்குப் போய், தேவைப்பட்டால் தமிழோ மலையாளமோ தெரிந்த ஆளைக் கொடுப்பார்கள். தாய்மொழியில் பேசுகிறார் என்பதற்காக நம்பிக்கை வந்துவிடக் கூடாது.

அடுத்து, எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் மாதிரி ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். இவை திருட்டு சாஃப்ட்வேர் அல்ல. நானே வாடிக்கையாளர் வேலைக்கு இவற்றைப் பயன்படுத்துகிறேன். தூரத்தில் இருப்பவர் உங்கள் திரையைப் பார்த்து மவுஸை ஓட்ட உதவுபவை. செயலியில் தெரியும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணை அவர்களிடம் சொல்லி ‘அக்செப்ட்’ கொடுத்த நொடியில் கம்ப்யூட்டர் அவர்கள் கையில். எனிடெஸ்க் வழியாக நடக்கும் பணத் திருட்டு பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது.

உள்ளே வந்தபின் காட்டும் ‘ஆதாரங்கள்’ எல்லாமே விண்டோஸில் எப்போதும் இருப்பவைதான். இதை ஒருமுறை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டால் அதன்பின் யாராலும் பயமுறுத்த முடியாது. ஸ்டார்ட்டில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாக நூற்றுக்கணக்கில் வரிகள் இருக்கும். ஆரோக்கியமான எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். அதில் அடிக்கடி தென்படும் 10016 என்ற எண்ணுள்ள பதிவைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. போன்காரர்கள் அதையே காட்டி ‘இதெல்லாம் வைரஸ், பாருங்கள் சார், இத்தனை’ என்பார்கள்.

இன்னொன்று ‘லைசென்ஸ் ஐடி’ வித்தை. ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்ற கறுப்புத் திரையைத் திறந்து ‘அசோக்’ (assoc) என்று உச்சரிக்கும் ஐந்து எழுத்துக் கட்டளையை அடிக்கச் சொல்வார்கள். கடைசியில் 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று வரும். ‘இது உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரிய எண், எங்களிடமும் இருக்கிறது, சரிபார்க்கிறேன்’ என்று சொல்லி அதை அப்படியே வாசித்துக் காட்டுவார்கள். கேட்பவருக்குச் சிலிர்த்துவிடும். ஆனால் அந்த எண் உலகத்தில் உள்ள எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான். ஃபைலை வேறொரு இடத்துக்கு அனுப்பும் ‘சென்ட் டு’ வசதியின் ஒரு உள்குறியீடு, வேறொன்றுமில்லை. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் அடித்துப் பாருங்கள், அதே எண் வரும்.

இவ்வளவும் ஆனபின் பணம். மூன்று வருடப் பாதுகாப்பு, வாழ்நாள் பாதுகாப்பு என்று விலைப்பட்டியல் சொல்வார்கள். அதைவிட மோசமானது, பணமே கேட்காமல் ‘உங்கள் வங்கிக் கணக்கு பத்திரமா என்று பார்த்துவிடலாம், லாகின் செய்யுங்கள்’ என்பது. திரையை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுவோம். சில மாதம் கழித்து ‘கம்பெனி மூடுகிறோம், கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று மறுபடி கூப்பிட்டு, திரையில் தெரியும் வங்கி இருப்பின் எழுத்துகளை மாற்றிக் காட்டி, ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று கெஞ்சும் வகையும் உண்டு. பிரவுசரில் தெரியும் எந்த எழுத்தையும் அந்தத் திரையில் மட்டும் மாற்றிக் காட்டுவது சுலபம். வங்கியில் ஒரு ரூபாயும் வந்திருக்காது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பின் போடச் சொன்னால் பணம் உங்களிடமிருந்து போகிறது.

மைக்ரோசாஃப்டிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டால்?

கூப்பிட மாட்டார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு என்று மைக்ரோசாஃப்ட், கூகுள், உங்கள் நெட் கம்பெனி யாரும் தானாக அழைத்துச் சொல்வதில்லை. விளக்கம் கேட்கக்கூட வேண்டாம், துண்டித்துவிடுங்கள். நெட் கம்பெனியோ என்று சந்தேகம் இருந்தால் பில்லில் அச்சிட்டிருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் நம்பரில் போலிகள் கலந்திருக்கின்றன.

போனிலும் ‘13 வைரஸ், பேட்டரி சேதம்’ என்று வருகிறதே?

அதே கதைதான். கூகுள் சின்னம், உங்கள் போன் மாடல் பெயர், ‘இன்னும் இரண்டு நிமிடத்தில் சிம் கார்டு பழுதாகும்’ என்ற மிரட்டல். மாடல் பெயரை பிரவுசர்தான் சொல்லிக்கொடுத்திருக்கும். அந்த டேபை மூடுங்கள், ‘கிளீன்’ ‘ரிப்பேர்’ என்ற பட்டனைத் தொடாதீர்கள். தொட்டால் ஏதோ ஒரு ‘கிளீனர்’ செயலியை இறக்கச் சொல்லும்.

நிஜமாகவே சந்தேகமாக இருந்தால் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தின் மேல் தட்டி, பிளே புரொடெக்ட் என்பதில் ஸ்கேன் கொடுங்கள். அது போனோடு வருவது, இலவசம்.

வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல் பற்றியும் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியது இதற்குத்தான். மேலே சொன்ன எச்சரிக்கைகள் வெறும் பக்கங்கள். ‘ஏபிகே’ என்று முடியும் ஃபைல் அப்படியில்லை, அது போனில் நிறுவப்படும் நிஜமான செயலி. டிராஃபிக் அபராதச் சீட்டு, பிஎம் கிசான் பணம், கல்யாணப் பத்திரிகை, வங்கி ரிவார்டு பாயின்ட் என்று பல பெயர்களில் வரும். எல்லை தாண்டி ஓடும் ஜீப், பிக்கப் டிரைவர்களிடம் அபராதச் சீட்டு வகை நன்றாக எடுபடுகிறது, ஏனென்றால் இரண்டு மாநிலத்திலும் வண்டி ஓடுவதால் எங்கே எந்த கேமராவில் விழுந்தது என்று அவர்களுக்கே நிச்சயம் இருக்காது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபி எல்லாம் நேராக அவர்களுக்குப் போய்விடும். உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்தே அந்த ஃபைல் உறவினர்களுக்கும் போகலாம். அதனால் மாமா அனுப்பினார், மச்சான் அனுப்பினார் என்பதெல்லாம் நம்புவதற்குக் காரணம் இல்லை. அபராதம் உண்டா என்று பார்க்க வேண்டுமானால் அரசின் பரிவாகன் இ-சலான் சைட்டில் வண்டி எண் போட்டு நீங்களே பாருங்கள்.

அப்படியானால் உண்மையான எச்சரிக்கை எப்படி இருக்கும்?

அமைதியாக இருக்கும். விண்டோஸில் வலது கீழ் மூலையில் சிறிய பெட்டியாக ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்ற பெயரில் வந்து, இந்த ஃபைலைத் தடுத்துவிட்டேன் என்று ஃபைல் பெயரோடு சொல்லும். கத்தாது, நம்பர் தராது, பணம் கேட்காது. சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியைத் தட்டாமல், ஸ்டார்ட்டில் நீங்களே ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து பாருங்கள். அங்கே ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’யில் அதே தகவல் இருந்தால் உண்மை, இல்லையென்றால் பொய்.

பிரவுசரே காட்டும் சிவப்புப் பக்கம் ஒன்று உண்டு: ‘இந்த சைட் ஆபத்தானது’ என்று தடுத்து நிறுத்தும். அது உண்மையானது, அதிலும் நம்பர் இருக்காது, ‘பின்னால் போ’ என்ற பட்டன்தான் இருக்கும்.

உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது என்கிறார்களே?

இதில் ஒரு பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால் கவனம் தேவை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது நிஜம். ஆனால் அதற்காக யாரும் போனில் கூப்பிடுவதில்லை, கம்ப்யூட்டர் நின்றுபோவதும் இல்லை. கம்ப்யூட்டர் தாங்குமானால் விண்டோஸ் 11க்கு செட்டிங்ஸ் வழியாக இலவசமாகவே மாறலாம்.

ஆண்டிவைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. ஆண்டிவைரஸ் விற்றால் எனக்கு லாபம் கிடைக்கும், இருந்தாலும் இதைத்தான் சொல்கிறேன். அழுத்தமான சோதனை வேண்டுமானால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் எடுத்துக்கொள்ளும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 முதல் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா சைட்டிலும் இலவசக் கருவிகள் உண்டு.

‘இலவசமாக ஸ்கேன் செய்து தருகிறோம்’ என்று சொல்லிப் பயமுறுத்தி விற்பது பெரிய கம்பெனிகளும் செய்த வேலைதான். அமெரிக்காவில் ஆஃபிஸ் டிப்போ என்ற கடைச் சங்கிலியும் சப்போர்ட்.காம் என்ற நிறுவனமும், ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சோதனையில் வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் கோளாறு இருப்பதுபோலக் காட்டிப் பழுதுபார்ப்புக்குப் பணம் வாங்கின என்ற புகாரில், 2019இல் 3.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டன. அந்தச் சோதனைக்கு முன் வாடிக்கையாளரிடம் ‘கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, எச்சரிக்கை வருகிறதா’ என்பதுபோல நான்கு கேள்வி கேட்பார்கள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று டிக் செய்தாலே கோளாறு இருப்பதாக முடிவு வந்துவிடும். உங்கள் ஊர்க் கடையில் கொடுத்தாலும் என்ன வைரஸ், எந்த ஃபைல் என்று திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்கெனவே அவர்களை உள்ளே விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வைஃபை ரூட்டரின் சுவிட்சை அணைத்தாலே போதும், அவர்கள் பிடி விட்டுப்போகும். அடுத்த வேலைகளை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாமல் வேறு போனில் செய்யுங்கள்.

பணம் போயிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் 1930. நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று நிமிடக் கணக்கில் நகர்ந்துகொண்டிருக்கும். அது ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் அந்தந்த வங்கிக்குத் தகவல் போய் நிறுத்தி வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். கூப்பிடும்போது உங்கள் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, எஸ்எம்எஸ்ஸில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். அப்படியே வங்கியின் நம்பரையும் அழைத்துக் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். மகனிடம் சொல்லிவிட்டு, நாளைக் காலை பாங்குக்கு நேரில் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த ஒரு இரவில்தான் பணம் கைமாறிப் போகிறது.

பணம் போகவில்லை என்றாலும் விடாதீர்கள். வேறு போனிலிருந்து இமெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லா பாஸ்வேர்டையும் மாற்றும் சாவி அங்கேதான் இருக்கிறது. அப்புறம் வங்கி. கம்ப்யூட்டரில் அவர்கள் நிறுவச் சொன்ன செயலியை நீக்கி, ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். அவர்கள் நீண்ட நேரம் உள்ளே இருந்திருந்தால் தேவையான ஃபைல்களை மட்டும் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே நிம்மதி.

எனக்கு வீடு கம்பத்தில், கடை குமுளியில், வங்கிக் கணக்கு அங்கேயே, சிம் கேரளாவில் வாங்கியது. எந்த போலீஸுக்குப் போவது?

எல்லையில் இருக்கிற நம்மை அதிகம் அலைக்கழிக்கும் கேள்வி இது. ‘இது உங்கள் ஊர் ஸ்டேஷன் விஷயம்’ என்று இரண்டு பக்கமும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே பலர் புகார் கொடுப்பதில்லை.

1930க்கும் சைபர்கிரைம்.கவ்.இன் (cybercrime.gov.in) என்ற சைட்டுக்கும் மாநில எல்லை கிடையாது, எங்கிருந்தும் பதியலாம். மலையில் கேரளா டவர் கிடைத்து, எடுப்பவர் மலையாளத்தில் பேசினால் துண்டித்துவிடாதீர்கள். தொகையும் நேரமும் பரிவர்த்தனை எண்ணும் சொன்னால் போதும், தமிழில் சொன்னாலும் நம் பக்கத்தில் புரிந்துகொள்வார்கள்.

நேரில் போவதானால் அருகில் இருக்கும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். பதிந்தபின் உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்றுவார்கள். அதே பிரிவின்படி ஆன்லைனிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். தேனி, இடுக்கி இரண்டு மாவட்டங்களிலும் சைபர் குற்றங்களுக்கென்று தனி நிலையம் இருக்கிறது. புகார் எண்ணை எழுதி வாங்காமல் வராதீர்கள்.

பணம் போகவில்லை, வெறும் மிரட்டல் அழைப்பு மட்டும் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி சைட்டில் சக்ஷு என்ற பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம்.

போன பணம் திரும்ப வருமா?

எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரை நடந்த இழப்பு உங்கள் தலையில் விழும். கொடுத்தபின் நடப்பது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காரும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. வங்கியில் எந்தத் தேதி, எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

கமிஷன் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது தேடி வந்தால், அது பெரும்பாலும் அதே கும்பலின் அடுத்த வேலை.

இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? பிடிக்கவே மாட்டார்களா?

கால் சென்டர் மாதிரி சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிறார்கள். 2023 அக்டோபரில் சிபிஐ, ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதில் மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த தகவலின் பேரில், அவர்கள் பெயரில் வெளிநாட்டுக்காரர்களை ஏமாற்றிய போலி உதவி மையங்களும் இருந்தன. தொழில் பழையது. பயமுறுத்தி சாஃப்ட்வேர் விற்ற ‘வின்ஃபிக்ஸர்’, ‘எக்ஸ்பி ஆண்டிவைரஸ்’ கும்பல் மீது 2008லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2012இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஆள் மாறுகிறார்கள், சின்னம் மாறுகிறது, திரை அதேபோலத்தான் கத்துகிறது.

அம்மா ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார். எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எப்படிப் பாதுகாப்பது?

படிக்கத் தெரியாதவரிடம் ‘இதைத் தட்டாதே, அதைத் தட்டாதே’ என்று பட்டியல் போடுவதில் பயன் இல்லை. போனை அவருக்கு ஏற்றமாதிரி ஒருமுறை அமைத்துக் கொடுத்துவிடுங்கள். பாதி மணி நேர வேலை.

செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குரோமில் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று அமைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபைல்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். கூலிப் பணம் சேரும் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல், செலவுக்கு மட்டும் சிறு தொகை உள்ள வேறொரு கணக்கை இணைப்பது நல்லது. இல்லையென்றால் வங்கியில் சொல்லி ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று யுபிஐ வரம்பைக் குறைத்துவிடுங்கள்.

உங்கள் நம்பரை உங்கள் படத்தோடு முகப்புத் திரையிலேயே வையுங்கள். போன் கத்தினாலோ, யாராவது பயமுறுத்தினாலோ அந்தப் படத்தை மட்டும் தட்டச் சொல்லுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காத நேரம் உண்டு என்பதால், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் இருக்கும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். 1930ஐயும் அதே திரையில், ரூபாய் நோட்டுப் படம் ஒன்றைப் போட்டுச் சேமித்துவிடுங்கள்.